காய்ச்சல் விட்ட பிறகுதான் கண் விழிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை தொடங்கியதும் எங்கள் பக்கத்தில் அரசு மருத்துவமனை ஒன்றில் காய்ச்சல் சிறப்பு வார்டு திறக்கப்பட்ட செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். நாற்பது படுக்கைகள், படுக்கைக்கு ஒரு கொசுவலை, புதிய மானிட்டர்கள், இருப்பில் உள்ள தட்டணு (பிளேட்லெட்) பைகள், தயார் நிலையில் புகை மருந்து எந்திரங்கள் என எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை கொடுத்திருந்தீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் அந்த நாற்பது படுக்கைகளை எத்தனை செவிலியர்கள் பார்ப்பார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் இல்லை. செய்தியாளரை நான் குறை சொல்லவில்லை. திறப்பு விழாவில் அதை யாரும் சொல்வதில்லை.

ஆனால் இரண்டு நாள் கழித்து இதே கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர், "நர்சுகள் டாக்டர் எழுதியதைச் செய்கிறவர்கள்தானே, மானிட்டர் வந்துவிட்டால் அவர்களுடைய வேலை பாதியாகக் குறைந்துவிடும்" என்று எழுதியிருந்தார். நல்லெண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். எங்களுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்கிறார். அவருக்குப் பதில் சொல்லவே இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும். வெட்டுவதானால் என்னைப் பற்றிய வரிகளை வெட்டுங்கள், டெங்குவைப் பற்றிய வரிகளை விட்டுவிடுங்கள்.

நான் தென்மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்சாகச் சேர்ந்து, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். 2012-இல் திருநெல்வேலிப் பக்கம் டெங்கு கொத்துக் கொத்தாக வந்தபோதும், 2017-இல் மாநிலம் முழுவதும் பரவியபோதும் காய்ச்சல் வார்டில்தான் இருந்தேன். அரசுக் கணக்கின்படியே 2012-இல் தமிழ்நாட்டில் 66 பேர், 2017-இல் 65 பேர் டெங்குவால் இறந்தார்கள். அந்த ஆண்டுகளில் வார்டு வாசலில் நின்ற உறவினர்கள் எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "சிஸ்டர், பிளேட்லெட் எவ்வளவு?"

அந்தக் கேள்வியில் எனக்கு அன்றும் கோபம், இன்றும் கோபம். கேட்டவர்கள் மேல் இல்லை. அப்படிக் கேட்கப் பழக்கியவர்கள் மேல். பத்திரிகைகளும் அதில் சேர்த்திதான், மன்னிக்கவும். தட்டணு குறைவதுதான் டெங்குவில் ஆளைக் கொல்கிறது என்று ஊரே நம்புகிறது. ஒரு லட்சத்துக்குக் கீழே வந்தால் வீட்டில் அழுகை, ஐம்பதாயிரத்துக்குக் கீழே வந்தால் ரத்த வங்கிக்கு ஓட்டம். ரத்தப்போக்கு இல்லாத பெரியவர்களுக்கு, தட்டணு 20,000-க்குக் கீழே இருந்தாலும், முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றுவதால் பயன் உண்டா என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆய்வு நடத்திப் பார்த்தார்கள். பயன் இல்லை என்ற முடிவு 2017-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. எங்கள் வார்டில் அந்த ஆண்டு எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பேன்! ஒருவரும் நம்பவில்லை. பப்பாளி இலைச்சாற்றைத்தான் நம்பினார்கள். குடிப்பவர் குடிக்கட்டும், அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.

டெங்குவில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது ரத்தநாளக் கசிவு. நோயின் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் இளகி, புதுப்பானையில் நீர் கசிவதுபோல ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் கசிகிறது. குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் கெட்டிப்படுகிறது, அளவும் குறைகிறது. இது 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரை நீடிக்கும். பிறகு தானாகவே நின்றுவிடும். அந்த ஒன்றிரண்டு நாள்களைத் தாண்டச் செய்துவிட்டால் நோயாளி எழுந்து வீட்டுக்கு நடந்து போவார். அதைத் தவறவிட்டால், உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகும் 'ஷாக்' என்ற அதிர்ச்சி நிலைக்குப் போய்விடுவார்.

இதில் உள்ள கொடுமையைக் கவனியுங்கள். காய்ச்சல் 103 இருக்கும்போது தாய் தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போடுகிறாள், செவிலியரை நொடிக்கொரு தரம் கூப்பிடுகிறாள். அது ஓரளவு ஆபத்தில்லாத நேரம். ஐந்தாம் நாள் காய்ச்சல் விடுகிறது, உடம்பு குளிர்கிறது, "சாமி புண்ணியத்தில் விட்டுவிட்டது" என்று தாய் அசந்து தூங்குகிறாள். வீட்டில் இருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை என்று முடிவு செய்கிறார்கள். வார்டில் இருப்பவர்கள் டிஸ்சார்ஜ் கேட்கிறார்கள். அந்தக் குளிர்ச்சி குணமானதன் குளிர்ச்சியா, ரத்தம் கைகால்களை விட்டுப் பின்வாங்கும் குளிர்ச்சியா என்று தொட்டுப் பார்த்துப் பிரித்துச் சொல்ல ஒருவர் அங்கே விழித்திருக்க வேண்டும். அவர்தான் நர்ஸ். மானிட்டர் அதைச் சொல்லாது.

ஏன் சொல்லாது என்று அந்த வாசகர் கேட்கலாம். ரத்த அழுத்தத்துக்கு மேல் அளவு, கீழ் அளவு என்று இரண்டு எண்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கசிவு தொடங்கியதும் உடம்பு ரத்தக் குழாய்களை இறுக்கிச் சமாளிக்கிறது. அதனால் மேல் அளவு அப்படியே நிற்கும்; கீழ் அளவு மட்டும் மெல்ல ஏறும். 100/70 என்பது 100/76 ஆகும், பிறகு 100/84 ஆகும். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை நாங்கள் பல்ஸ் பிரஷர் என்போம். அது 20 அல்லது அதற்கும் கீழே வந்துவிட்டால் நோயாளி அதிர்ச்சி நிலைக்குள் போய்விட்டார் என்று பொருள். ஆனால் 100 என்ற எண்ணைப் பார்த்து எந்த மானிட்டரும் கூவாது. 84 என்ற எண்ணும் தனியாகப் பார்த்தால் குற்றமில்லாத எண்தான். கழித்துப் பார்க்கிறவருக்குத்தான் ஆபத்து தெரியும். மேல் அளவு சரிந்து மானிட்டர் அலறும்போது, குறிப்பாகக் குழந்தைகளிடம், நேரம் ஏறக்குறையக் கடந்துபோயிருக்கும்.

எங்கள் வார்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த மருத்துவமனை, எந்த ஆண்டு என்பது வேண்டாம்.

ஐந்தாம் வகுப்புப் பையன். எடை 28 கிலோ. காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள், பிற்பகலில் காய்ச்சல் விட்டுவிட்டது. தாய் மகிழ்ச்சியாக இருந்தாள்; காலையில் வீட்டுக்கு விடுவார்களா என்று பக்கத்துப் படுக்கையில் கேட்டுக்கொண்டிருந்தாள். இரவுப் பணியில் இருந்தது ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்த இளம்பெண், சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. அவள் பார்க்கும்போது பையன் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தான். இட்லி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் தாய். வயிறு வலிக்கிறது என்றான். அதற்கும் இட்லிதான் காரணம் என்றாள். ரத்த அழுத்தம் 100/84. மாலைப் பணியில் இருந்தவர் 104/70 என்று எழுதி வைத்திருந்தார். இந்தப் பெண் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. கால் பெருவிரலை அழுத்தி விட்டாள். இரண்டு வினாடிக்குள் திரும்ப வேண்டிய சிவப்பு திரும்ப நான்கு வினாடி ஆனது. நாடி 132, பிடித்தும் பிடிக்காமலும் நூலாக ஓடியது. சிறுநீர் எப்போது போனான் என்று கேட்டாள். தாய் யோசித்து, "நாலு மணிக்கு, டீ குடிக்கும்போது" என்றாள். அப்போது மணி பதினொன்று.

ட்யூட்டி டாக்டர் கீழே கேஷுவாலிட்டியில் விபத்தில் வந்த இருவரோடு போராடிக்கொண்டிருந்தார். போனில், பிளேட்லெட் எவ்வளவு என்று கேட்டார். 58,000. அப்படியானால் காலையில் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பல பேர் அந்த இடத்தில் "சரி டாக்டர்" என்று போனை வைத்துவிட்டு, 'டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு நகர்ந்திருப்பார்கள். சட்டப்படி அதில் பிழையில்லை. அவள் போனை வைக்கவில்லை. "டாக்டர், பல்ஸ் பிரஷர் 16, கால் சில்லென்று இருக்கிறது, ஏழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, வாந்தியும் வயிற்று வலியும் இருக்கிறது. பிசிவிக்கு ரத்தம் எடுத்துவிட்டேன். நீங்கள் இப்போது வர வேண்டும்" என்றாள். அவர் பத்து நிமிடத்தில் வந்தார். பிசிவி என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. சேரும்போது 37 ஆக இருந்தது 47 ஆகியிருந்தது. ரத்தம் கெட்டிப்பட்டதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. டிரிப் எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்று எடைக்குக் கணக்கிட்டு எழுதினார். அவள் கால்மணிக்கு ஒரு முறை பார்த்தாள். விடியும்போது பாதம் வெதுவெதுப்பாகிவிட்டது, சிறுநீரும் போனான்.

அந்த மருத்துவரைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். போனில் ஒரு எண்ணை மட்டும் கேட்டால் எவரும் அப்படித்தான் முடிவெடுப்பார்கள். படுக்கைப் பக்கத்தில் நின்றவள் அவள்; படத்தை முழுதாக அவருக்குக் காட்டியவளும் அவள். டாக்டர் எழுதியதை அவள் செய்தாள் என்பது உண்மைதான். ஆனால் டாக்டர் எழுத வேண்டியது இருக்கிறது என்று தெரிந்துகொண்டது யார்?

அவள் செய்ததில் பெரிய படிப்புக்கு உரியது எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாடி பிடிப்பது, பாதத்தைத் தொடுவது, நகத்தை அழுத்துவது, சிறுநீரை அளப்பது, சரியான அளவுக் கஃபைக் கட்டுவது. இவை அனைத்தும் செவிலியப் படிப்பின் முதலாண்டில், அடிப்படைச் செவிலியம் என்ற பாடத்தில் வருபவை. முதலாண்டிலேயே கற்றுக்கொண்டுவிட்டதால் இவை சிறு வேலைகள் என்ற எண்ணம் எங்களுக்குள்ளேயே வந்துவிடுகிறது. வென்டிலேட்டர் கற்றவளுக்குக் கிடைக்கும் மரியாதை, பாதத்தைத் தொட்டுப் பார்ப்பவளுக்குக் கிடைப்பதில்லை.

கஃப் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டைக்குள் இருக்கும் ரப்பர்ப் பையின் அகலம் கைச் சுற்றளவில் ஏறக்குறைய 40 சதவீதம் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கான பட்டையைக் குழந்தையின் கையில் கட்டினால் அளவு உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். குட்டையான பட்டையைப் பெரியவருக்குக் கட்டினால் கூடுதலாகக் காட்டும். லட்சக்கணக்கில் விலை கொடுத்து மானிட்டர் வாங்கும் இடத்தில், குழந்தைகளுக்கான பட்டை ஒன்று வேண்டும் என்று இன்டென்ட் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்ததுண்டு. வார்டிலேயே பிசிவி பார்க்க ஒரு சிறிய சுழற்றும் எந்திரம் போதும். ஐந்து நிமிடச் சுழற்சியில் முடிவு தெரியும். நள்ளிரவில் ரத்தக் குழாயை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஆள் ஓட வேண்டியதில்லை. திறப்பு விழாப் புகைப்படத்தில் அது அழகாக இருக்காது என்பதுதான் அதன் குறை.

இனி எங்கள் தரப்புக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்த வார்டுக்கு வேண்டுமானாலும் போய்க் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். மூச்சு என்ற கட்டத்தில் நிமிடத்துக்கு 20 என்று இருக்கும். பக்கத்துப் படுக்கையிலும் 20. நிமோனியாவுக்கும் 20, கால் முறிவுக்கும் 20. நாற்பது பேரும் ஒரே சீராக மூச்சு விடும் அதிசய வார்டுகள் நம் மாநிலத்தில் நிறைய உண்டு. எந்திரம் நாடியைக் காட்டிவிடுகிறது, ரத்த அழுத்தத்தைக் காட்டிவிடுகிறது. மூச்சை மட்டும் ஒரு நிமிடம் முழுதாக நின்று, நோயாளிக்குத் தெரியாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டியிருக்கிறது. அதனால் யாரும் எண்ணுவதில்லை. உடம்பு சீர்குலையப் போகிறது என்பதை மற்ற எண்களுக்கு முன்பே பல நேரம் சொல்லிவிடுவது மூச்சுதான். 2012-இல் பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி கொண்டுவந்த, நாடி, மூச்சு போன்ற ஒவ்வொன்றும் எவ்வளவு மோசம் என்று மதிப்பெண் போடும் முன்னெச்சரிக்கை முறையில், நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் மூச்சு இருந்தால் அந்த ஒன்றுக்கே உச்ச மதிப்பெண்ணான 3 கொடுத்துவிடுகிறார்கள்.

டெங்குவில் இந்த மூச்சு எண்ணிக்கை எங்கே உதவும் என்றால், காய்ச்சலும் கசிவும் முடிந்து வரும் மூன்றாவது கட்டத்தில். கசிவு நின்ற பிறகு, வெளியே போன நீர் தானாகவே ரத்தத்துக்குள் திரும்புகிறது. அப்போதும் டிரிப் பழைய வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் நீர் மிஞ்சி நுரையீரலில் தேங்கும். அதிர்ச்சியிலிருந்து காப்பாற்றிய பிள்ளையை அதிகப்படியான சலைனால் இழப்பதைவிடக் கொடுமை வேறில்லை. இருமல் தொடங்கும், படுக்க முடியாமல் உட்காரும், மூச்சு 22-இலிருந்து 34-க்குப் போகும். எண்ணுகிறவளுக்குத் தெரியும். 20 என்று எழுதுகிறவளுக்கு எப்படித் தெரியும்? உறவினர்களோ, "இன்னும் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள், பிள்ளை சோர்வாக இருக்கிறான்" என்று கெஞ்சுவார்கள். டிரிப்பின் வேகத்தைக் குறைக்க உத்தரவு மருத்துவரிடமிருந்துதான் வர வேண்டும். அந்த உத்தரவை இப்போதே கேட்டு வாங்க வேண்டும் என்பது செவிலியரின் தீர்ப்பு. முதல் நாள் இரவு "ஓடவிடுங்கள்" என்று அவசரப்பட்டவள், மறுநாள் இரவு "நிறுத்துவோமா" என்று கேட்கத் தெரிந்தவளாக இருக்க வேண்டும்.

நான் வார்டுப் பொறுப்பில் இருந்தபோது ஒரு வழக்கம் வைத்திருந்தேன். ஒவ்வொரு டெங்கு நோயாளியின் கேஸ் ஷீட்டிலும் முதல் பக்கத்தின் மேலே, காய்ச்சல் எந்த நாள் எத்தனை மணிக்கு விட்டது என்பதைச் சிவப்புப் பேனாவால் எழுத வேண்டும். பணி மாறும்போது 'ஓவர்' கொடுப்பவர் பெயரைச் சொன்ன கையோடு, "விட்டு ஆறு மணி நேரம்", "விட்டு முப்பது மணி நேரம்" என்று சொல்ல வேண்டும். பிளேட்லெட்டைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். சில மருத்துவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ரவுண்ட்ஸ் வரும்போது அந்தச் சிவப்பு வரியைத்தான் முதலில் தேடினார்கள். நாற்பது பேரையும் ஒரே மாதிரி பார்க்க எந்தச் செவிலியராலும் முடியாது. இன்று இரவு யார் யாரை மணிக்கு மணி பார்க்க வேண்டும் என்று பொறுக்குவதுதான் திறமை. அந்தப் பொறுக்கலுக்கு அந்த வரி போதும்.

இப்போது அந்த வாசகருக்கு ஒரு கணக்கு. நாற்பது பேரில் பன்னிரண்டு பேர் அந்த ஆபத்தான 48 மணி நேரத்துக்குள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாடி, இரண்டு எண்ணும் சேர்த்து ரத்த அழுத்தம், முழு நிமிட மூச்சு, பாதம், நகம், குடித்த நீர், போன சிறுநீர், டிரிப்பின் வேகம் ஆகியவற்றைப் பார்த்து எழுத, கை தேர்ந்தவளுக்குக் குறைந்தது பத்து நிமிடம் ஆகும். பன்னிரண்டு பேருக்கு 120 நிமிடம். மணிக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்றால், இரண்டு செவிலியர்கள் தண்ணீர் குடிக்காமல், கழிப்பறை போகாமல், மற்ற இருபத்தெட்டு பேரையும் திரும்பிப் பார்க்காமல் இதை மட்டுமே செய்ய வேண்டும். புது அட்மிஷன் வராமலும் இருக்க வேண்டும். மழைக்காலத்தில்!

இந்திய செவிலியர் குழுமத்தின் விதிப்படி சாதாரண வார்டில், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிக்கு ஒருவர். இதை மூன்று ஷிப்டுக்கும் சேர்த்த கணக்கு என்று பொருள் சொல்லி, நாற்பது படுக்கைக்கு எட்டு பேர், அதில் இரவுக்கு இரண்டு பேர் போதும் என்று வாதிடுகிறவர்களை எனக்குத் தெரியும். அப்படியே வைத்துக்கொண்டாலும் டெங்கு வார்டு சாதாரண வார்டு அல்ல என்பதை மேலே உள்ள பெருக்கல் சொல்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளின் அறுவைச் சிகிச்சை நோயாளிகளை லிண்டா ஐக்கன் என்ற செவிலிய ஆய்வாளர் குழுவாக ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார். செவிலியர் ஒருவர் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால், முப்பது நாள்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. அங்கே அவர்கள் பேசியது நான்கு நோயாளியா, எட்டு நோயாளியா என்பதைப் பற்றி. இருபதைப் பற்றி அல்ல.

அமெரிக்கா எதற்கு, பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 2017-இல் அந்தச் சின்னத் தீவில் 1,86,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. அத்தனை பேர் வந்தும் இறப்பு விகிதம் ஒரு சதவீதத்துக்கு வெகு கீழேயே நின்றது. அங்கே டெங்குவுக்கென்று தனிக் கண்காணிப்புப் படிவமே இருக்கிறது. காய்ச்சல் கட்டத்துக்கு ஒன்று, ஆபத்துக் கட்டத்துக்கு மணிக்கு மணி நிரப்ப வேண்டிய இன்னொன்று. பல்ஸ் பிரஷருக்கென்று அதில் இடம் உண்டு. சரியான நேரத்தில் கண்டுபிடித்துச் சரியாகப் பார்த்தால் கடும் டெங்குவிலும் இறப்பை ஒரு சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இந்தக் கண்காணிப்பை நம்பித்தான். டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து இன்னும் நம் வார்டுகளில் இல்லை. கண்ணும் கையும் டிரிப்பும்தான் இருக்கின்றன.

ஆள் கூடினால் மட்டும் போதுமா என்றால், போதாது. செவிலியர் பயிற்சி 1871-இலேயே சென்னைப் பொது மருத்துவமனையில் தொடங்கிய மாநிலம் இது. 1946-இல் வேலூரில் செவிலியப் பட்டப்படிப்பு வந்துவிட்டது. இன்று தெருவுக்கு ஒரு கல்லூரி. அவற்றில் சிலவற்றிலிருந்து வரும் மாணவிகள் ரெக்கார்டு நோட்டில் முத்து முத்தாக எழுதுகிறார்கள், 'நீர் இழப்பு ஏற்படும் அபாயம்' என்று பராமரிப்புத் திட்டம் போடுகிறார்கள். அந்த அபாயத்தில் இருக்கும் நோயாளியை வார்டில் காட்டு என்றால் விழிக்கிறார்கள். ஆய்வகத்தில் பொம்மையை வைத்துப் பழகியவர்கள். பொம்மையின் கால் ஒருபோதும் சில்லிடுவதில்லை. வார்டுக்கு வந்தால் அவர்களை மருந்து எடுத்து வரவும், ஸ்ட்ரெச்சர் தள்ளவும் அனுப்பிவிடுகிறோம். நோயாளியின் பக்கத்தில் ஒரு மாணவியை நிறுத்தி, "என்ன பார்க்கிறாய், அதிலிருந்து என்ன நினைக்கிறாய், அடுத்து என்ன செய்வாய்" என்று கேட்க மூத்த செவிலியருக்கு நேரம் இல்லை. அந்த மூன்று கேள்விகளைக் கேட்காமல் தீர்ப்புத் திறன் எங்கிருந்து வரும்?

கற்றவளையும் நாம் ஓரிடத்தில் நிற்க விடுவதில்லை. காய்ச்சல் வார்டில் ஒரு மழைக்காலம் முழுவதும் நின்றவளுக்குப் படுக்கையைத் தாண்டிப் போகும்போதே "இந்தப் பிள்ளை சரியில்லை" என்று தோன்றும். எண்கள் எல்லாம் சரியாக இருக்கும்போதும் தோன்றும். அது மாயம் இல்லை. முகத்தின் நிறம், கண்ணின் சோர்வு, அதுவரை பேசிக்கொண்டிருந்தவன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தது என்று பல சிறு சேதிகளை மனம் சேர்த்துக் கூட்டிச் சொல்வது. அவளை அடுத்த மாதம் ஆபரேஷன் தியேட்டருக்கு மாற்றிவிட்டு, தியேட்டரில் இருந்தவளைக் காய்ச்சல் வார்டில் போட்டால் இரண்டு பேருடைய அனுபவமும் வீண்.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரின் லிவர்பூல் மருத்துவமனை 1990-இல் அவசர மருத்துவக் குழு ஒன்றை ஏற்படுத்தியது. வார்டில் ஒரு நோயாளி மோசமானால் செவிலியரே நேராக அந்தக் குழுவை அழைக்கலாம். இன்று உலகில் பல இடங்களில் அந்த முறை பரவியிருக்கிறது. எந்தெந்த எண் வந்தால் அழைக்கலாம் என்ற பட்டியலில், எண் எதுவும் இல்லாத ஒரு காரணத்தையும் சேர்த்திருக்கிறார்கள்: செவிலியருக்கு அந்த நோயாளியைப் பற்றிக் கவலையாக இருக்கிறது என்பது. அதுவே போதும், வேறு விளக்கம் வேண்டியதில்லை. நம் ஊரில் நள்ளிரவில் சீனியர் மருத்துவரை ஒரு ஸ்டாஃப் நர்ஸ் நேராகக் கூப்பிட்டால், மறுநாள் காலை அவள் நிற்க வேண்டிய இடம் வேறு. கூப்பிட்டது வீண் என்று ஆகிவிட்டால் கேட்கவே வேண்டாம். பத்து முறை வீணாகக் கூப்பிட்டாலும் பரவாயில்லை, பதினோராவது முறையும் கூப்பிடு என்று சொல்லும் மருத்துவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பணியில் இருக்கும் இரவுகளில் செவிலியர்கள் நன்றாகப் பார்க்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். இதற்குத் தனியாக நிதி ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. டெங்கு செய்தி வெளியிடும் நாள்களில் தட்டணு எண்ணிக்கைப் பெட்டிச் செய்திக்குப் பதிலாக இதைப் போடுங்கள்: காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு அல்லது காரணமில்லாத பரபரப்பு, சில்லிட்ட கைகால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தாய்மார்கள் இதை எங்களைவிட நன்றாகக் கவனிப்பார்கள். எதைக் கவனிப்பது என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தால் போதும்.

ஒன்று விட்டுப்போயிற்று. காய்ச்சல் என்றதும் ஊசி போட்டால்தான் திருப்தி என்று பலர் கிளினிக்குகளில் அடம் பிடிக்கிறார்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்போது தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் வகை வலி மாத்திரைகளும் ஆகாது. ரத்தப்போக்கைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும், அதுவும் எடைக்குத் தகுந்த அளவில். கடையில் பெயர் சொல்லாமல் "காய்ச்சல் மாத்திரை" என்று கேட்டு வாங்கியிருந்தால் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
சங்கரன்கோவில்.
(பெயரை வெளியிட வேண்டாம். உடன் பணியாற்றியவர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள்.)